அலைய விடுற ஆபீஸ்ல பொறுமை இழக்காம வேலைய முடிக்கறது எப்படி

"இன்னைக்கு ஆபீசர் லீவு, நாளன்னைக்கு வாங்க."

இத கேட்டுட்டு படி இறங்கி வர்றப்ப உள்ளுக்குள்ள ஒண்ணு கொதிக்கும் பாருங்க, அத அனுபவிக்காதவங்க ரொம்ப கம்மி. வேலைக்கு லீவு போட்டு, கேட்ட பேப்பர் எல்லாம் தேடி எடுத்து, வரிசையில கால் கடுக்க நின்னு, நம்ம முறை வந்ததும் "இது இந்த கவுண்டர் இல்லயே"ன்னு ஒரு வார்த்தை, அவ்ளோதான், நின்ன ரெண்டு மணி நேரமும் போச்சு.

எனக்கு இந்த விஷயத்துல கண்ணு திறந்தது ஒரு பேர் திருத்தத்துல. ரெண்டு சான்றிதழ்ல என் பேர் ரெண்டு விதமா இருந்துச்சு, ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், அத சரி பண்ண ஒரு ஆபீசுக்கு மொத்தம் 9 தடவ நடந்தேன். நாலாவது தடவ போனப்ப கவுண்டர்ல இருந்த மேடம்கிட்ட வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். அவங்க ஒண்ணும் பதில் பேசல, கண்ணு மட்டும் கலங்குச்சு. அப்புறம் மெதுவா ரெஜிஸ்டர திருப்பி காட்டினாங்க, என் ஃபைல் அவங்ககிட்டயே இல்ல, ரெண்டு வாரம் முன்னாடியே வேற செக்‌ஷனுக்கு போயிருந்துச்சு. அதாவது அந்த ரெண்டு வாரமும் நான் தப்பான மேசை முன்னாடி நின்னு கோபப்பட்டுட்டு இருந்திருக்கேன். அதுக்கப்புறம் போன அஞ்சு தடவயும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், "என் ஃபைல் இப்ப யார் டேபிள்ல இருக்கு, அடுத்து எங்க போகும்?" ஆச்சரியமா இருந்துச்சு, அதே ஆபீஸ், அதே வரிசை, ஆனா எனக்கு கோபமே வரல.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். பொறுமைன்னா பல்ல கடிச்சுட்டு உக்காந்திருக்கறதுன்னு நினைக்கறோம், அப்படி உக்காந்தா அரை மணி நேரம் தாங்கும், அதுக்கு மேல வெடிச்சிரும். நிஜமான பொறுமை பாதிக்கு மேல தகவல்லருந்துதான் வருது. என்ன நடக்குது, எங்க நிக்குது, அடுத்து என்னன்னு தெரிஞ்சவனுக்கு காத்திருக்கறது கஷ்டமா இருக்கலாம், ஆனா பைத்தியம் பிடிக்காது. டேவிட் மைஸ்டர்னு ஒருத்தர் 1985ல வரிசையில நிக்கறவங்க மனசு எப்படி வேலை செய்யுதுன்னு எழுதினாரு, அதுல சொன்னது எல்லாமே நமக்கு தெரிஞ்சதுதான், ஆனா யாரும் சேர்த்து சொன்னதில்ல. எவ்ளோ நேரம்னு தெரியாம காத்திருக்கறது தெரிஞ்சு காத்திருக்கறத விட நீளமா தெரியும். காரணம் சொல்லாத தாமதம் காரணம் சொன்ன தாமதத்த விட நீளம். நியாயமில்லன்னு தோணற வரிசை இன்னும் நீளம். சும்மா உக்காந்திருக்கற நேரம், ஏதோ செஞ்சுட்டு இருக்கற நேரத்த விட நீளம். கடிகாரத்துல எல்லாம் ஒரே அளவுதான். அப்ப நாம குறைக்க வேண்டியது எதுன்னா அந்த தெரியாமைய.

முதல்ல இது ஏன் இப்படி இருக்குன்னு புரிஞ்சுக்கணும்

ஃபைலும் விதியுமா நடக்கற இந்த ஆபீஸ் நிர்வாகத்துக்கு சொல்ற ப்யூராக்ரஸிங்கற வார்த்தையே பிரெஞ்சுல மேசைய குறிக்கற 'ப்யூரோ'ங்கற சொல்லுலருந்து வந்தது, மேசையோட ஆட்சின்னு வச்சுக்கலாம். ஃபைல், சீல், கையெழுத்து, மேலதிகாரி, ஒரு மேசையிலருந்து இன்னொரு மேசை, இதெல்லாம் யாரோ நம்மள வதைக்கணும்னு கண்டுபிடிச்சது இல்ல. இந்த அமைப்ப ரொம்ப ஆழமா ஆராய்ஞ்சவர் ஜெர்மனிய சேர்ந்த மாக்ஸ் வெபர், 1920ல இறந்து போனார். அவர் பாத்ததோட சாரம் என்னன்னா, ஆள் முகம் பாத்து செய்யாம விதிய பாத்து செய்யணும்ங்கறதுக்காக வந்த ஏற்பாடு இது. தெரிஞ்சவனுக்கு ஒண்ணு தெரியாதவனுக்கு ஒண்ணுன்னு இருக்கக் கூடாதுன்னா, எல்லாருக்கும் ஒரே ஃபார்ம், ஒரே ரூல், எழுத்துல ஆதாரம். நமக்கு எரிச்சலா இருக்கற அந்த விறைப்புதான், செல்வாக்கு இல்லாத ஒருத்தருக்கு ஒரே பாதுகாப்பாவும் இருக்கு. எல்லா ஆபீசும் அப்படி நேர்மையா நடக்குதுன்னு நான் சொல்லல, ஆனா "ஒரு எழுத்துக்கு போய் இவ்ளோ அலைய விடுறாங்களே"ன்னு தோணறப்ப, வேற யாரோ என் பேர்ல வந்து ஈஸியா மாத்திட்டு போக முடியாததுக்கும் அதே ரூல்தான் காரணம்னு நினைச்சுக்கிட்டா கொஞ்சம் ஆறும்.

இன்னொண்ணு, தாமதம் எல்லாமே சோம்பேறித்தனம் இல்ல. டென்மார்க்ல கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில வேலை பாத்த ஏர்லாங்னு ஒரு கணித நிபுணர் 1909ல டெலிபோன் கால்கள் எப்படி வந்து குவியுதுன்னு கணக்கு போட்டு எழுதினாரு, வரிசைகள பத்தின கணக்கே அங்கருந்துதான் வளந்துச்சு. அந்த வழியில வந்த ரொம்ப எளிய ஃபார்முலா ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு கவுண்டர், ஒரு ஆளுக்கு சராசரியா 10 நிமிஷம், ஆளுங்க நேரம் காலம் இல்லாம வர்றாங்க, ஒவ்வொருத்தர் வேலையும் ஒவ்வொரு நீளம்னு வச்சுக்கோங்க. அந்த கவுண்டர் பாதி நேரம் பிசியா இருந்தா நீங்க சராசரியா காத்திருக்கறது 10 நிமிஷம். 80 சதவீதம் பிசின்னா 40 நிமிஷம். 90 சதவீதம்னா 90 நிமிஷம். 95 சதவீதம்னா 190 நிமிஷம், மூணு மணி நேரத்துக்கும் மேல! க்ளார்க் அதே வேகத்துலதான் வேலை செய்யறாரு, கூட்டம் கொஞ்சம் ஏறினதுக்கே காத்திருப்பு அப்படி எகிறுது. உள்ள இருக்கறவர் ஒரு தடவ எழுந்து தண்ணி குடிச்சா நாம முறைக்கறோமே, அந்த முறைப்பு தப்பான இடத்துக்கு போகுது. மூணு பேர் பாக்க வேண்டிய வேலைக்கு ஒருத்தர மட்டும் உக்கார வச்சவங்க கவுண்டர்ல இல்ல.

இந்த கணக்குல நமக்கு ஒரு லாபமும் இருக்கு. கூட்டம் கொஞ்சம் குறைஞ்ச நேரத்துல போனாலே காத்திருப்பு பல மடங்கு குறையும். ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே போய் நிக்கறது, பண்டிகை லீவுக்கு அடுத்த நாள தவிர்க்கறது, கடைசி தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே முடிக்கறது, எல்லாம் பெரியவங்க சும்மா சொன்னது இல்ல.

வீட்டுல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடி

பொறுமை கவுண்டர்ல உடையற மாதிரி தெரிஞ்சாலும் அது முந்தின நாள் ராத்திரியே முடிவாகிடுது. நான் செய்யறத சொல்றேன், உங்களுக்கு ஒத்து வர்றத எடுத்துக்கோங்க.

ஒரு சின்ன நோட்டு, அந்த வேலைக்குன்னு மட்டும். முதல் பக்கத்துல ரெஃபரன்ஸ் நம்பர், அப்ளிகேஷன் குடுத்த தேதி, எந்த செக்‌ஷன். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவ போறப்பவும் தேதி, நேரம், யார பாத்தேன், என்ன சொன்னாங்க, அடுத்து எப்ப வர சொன்னாங்க. நாலு வரி போதும். இந்த நோட்டு ரெண்டு வேலை செய்யும். ஒண்ணு, "போன தடவ அப்படி சொல்லலயே சார்"ன்னு மொட்டையா சண்டை போடறதுக்கு பதிலா "12ம் தேதி காலையில 11 மணிக்கு வந்தப்ப, மூணாவது கவுண்டர்ல இந்த பேப்பர் போதும்னு சொன்னாங்க, குறிச்சு வச்சிருக்கேன்"னு அமைதியா சொல்ல முடியும், அதுக்கு இருக்கற பலமே தனி. ரெண்டாவது, எழுதி வச்சிட்டா மனசு அத திரும்ப திரும்ப சுத்தி வராது, பேப்பர் ஞாபகம் வச்சுக்கும்னு விட்டுடும். புலம்பல்ல பாதி எதையோ மறந்துடுவோமோங்கற பயத்துலருந்து வர்றதுதான், நான் கவனிச்ச வரைக்கும்.

அப்புறம் ஒரு ஃபைல், அதுல ஒரிஜினல் தனி, ஜெராக்ஸ் தனி. கேட்டத விட ரெண்டு செட் கூடவே எடுத்துட்டு போங்க, போட்டோவும் கூட நாலு. பேனா ரெண்டு. பசை, ஸ்டேப்ளர் கூட வச்சிருக்கேன். எல்லா பேப்பர்லயும் பேர், பிறந்த தேதி, அட்ரஸ் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு முந்தின நாளே உக்காந்து ஒப்பிட்டு பாருங்க, சோம்பல் படாதீங்க, இது ஒண்ணுக்காக திருப்பி அனுப்பப்பட்டவங்கள நான் அந்த 9 நடையில எத்தன பேர பாத்திருக்கேன் தெரியுமா. வித்தியாசம் இருந்தா அதுக்கு என்ன ஆதாரம் கேப்பாங்கன்னு முன்னாடியே விசாரிங்க.

மனசுக்குள்ள ஒரு கணக்கு வச்சுக்கறதும் முக்கியம். "இன்னைக்கு முடிஞ்சிரும்"னு நினைச்சு போனா முடியலன்னா அது தோல்வி. "இது நாலு நடை வேலை, இன்னைக்கு ரெண்டாவது நடை"ன்னு நினைச்சு போனா, முடியலன்னாலும் ரெண்டாவது நடை முடிஞ்சுது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு சின்ன இலக்கு வைங்க, இன்னைக்கு ஃபார்ம் வாங்கணும், இன்னைக்கு ஃபார்ம் சரியான்னு காட்டணும், இன்னைக்கு குடுத்துட்டு ரசீது வாங்கணும். அன்னைக்கு வேற முக்கியமான வேலை எதையும் பின்னாடி வைக்காதீங்க, மூணு மணிக்கு இன்னொரு இடத்துல இருக்கணும்னா ஒரு மணிக்கே உடம்பு பதற ஆரம்பிச்சிரும். வயித்துக்கு சாப்பிட்டுட்டு போங்க. சும்மா உக்காராம செய்யறதுக்கு கையில ஏதாவது வேலை வச்சுக்கோங்க, போன்ல சார்ஜ் தீந்துடும், அத மட்டும் நம்பாதீங்க.

கவுண்டர்ல

அமெரிக்க அரசியல் ஆய்வாளர் மைக்கேல் லிப்ஸ்கி 1980ல சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு. மக்கள நேருக்கு நேர் பாக்கற கடைசி படி ஊழியர் இருக்காரே, அவருக்கு விதிய மாத்தற அதிகாரம் கிடையாது, ஆனா அந்த விதிய எப்படி நடத்தி வைக்கறதுங்கறதுல கொஞ்சம் சுதந்திரம் இருக்கு, நடைமுறையில மக்களுக்கு அரசாங்கம்னா அந்த சின்ன முடிவுகள்தான். யோசிச்சு பாருங்க. ஒரு பேப்பர் குறையுதுன்னா "போயிட்டு எடுத்துட்டு வாங்க"ன்னும் சொல்லலாம், "இருங்க, இத வாங்கி வச்சுக்கறேன், அத நாளைக்கு குடுங்க, திரும்ப வரிசையில நிக்க வேணாம்"னும் சொல்லலாம். ரெண்டுமே ரூல்படி சரிதான். எது கிடைக்கும்ங்கறது அந்த நிமிஷம் அவர் மனநிலைய பொறுத்தது, அந்த மனநிலைய நாம ஒரு வார்த்தையில கெடுக்கவும் முடியும்.

அதுக்காக குழைய சொல்லல. கும்பிடு போட்டு கூனி நிக்கறதும் எனக்கு பிடிக்காது, நம்ம உரிமைய கேக்கத்தான் போறோம். சாதாரண மரியாதை போதும். முதல் வரியில வணக்கம், ரெண்டாவது வரியில என்ன வேலைக்கு வந்தேன்னு சுருக்கமா. நிறைய பேர் கதைய ஆரம்பத்துலருந்து சொல்ல ஆரம்பிக்கறாங்க, எங்க அப்பா காலத்துல இருந்து, அப்புறம் அந்த ஆபீசர் இப்படி சொன்னாரு, இவர் அப்படி சொன்னாருன்னு, கேக்கறவருக்கு பின்னாடி நாப்பது பேர் நிக்கறது தெரியுது, அவர் பாதியிலயே காதுல வாங்கறத விட்டுடுவாரு, நமக்கு மதிக்கலன்னு கோபம் வரும். "மேடம், பேர் திருத்தத்துக்கு அப்ளை பண்ணி 20 நாள் ஆச்சு, இதான் நம்பர், எந்த நிலைமையில இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்." இவ்ளோதான்.

கேள்விய கேக்கற விதத்துல நிறைய இருக்கு. "ஏன் இன்னும் முடியல?"ன்னு கேட்டா அது குற்றச்சாட்டு, அதுக்கு பதிலா ஒரு சாக்குதான் வரும். "இது முடியணும்னா அடுத்து என்ன நடக்கணும்?"னு கேட்டா தகவல் வரும். "முடியாது"ன்னு சொன்னா, "எந்த ரூல்படி முடியாதுன்னு சொன்னீங்கன்னா நான் அதுக்கு ஏத்த மாதிரி கொண்டு வர்றேன்"னு கேளுங்க, குரல் ஏறாம. "நாளைக்கு வாங்க"ன்னு சொன்னா, "நாளைக்கு வந்தா யார பாக்கணும், அவர் நாளைக்கு இருப்பாரா, நான் கொண்டு வர வேண்டியது வேற ஏதாவது இருக்கா?" இந்த மூணும் கேக்காம படி இறங்காதீங்க. கடைசி கேள்விதான் ரொம்ப முக்கியம், ஏன்னா ஒவ்வொரு நடைக்கும் ஒவ்வொரு பேப்பரா கேக்கற கொடுமை அதுலதான் நிக்கும். லிஸ்ட்ட ஒரு பேப்பர்ல நீங்களே எழுதி, "இவ்ளோதானே சார், ஒரு தடவ பாத்துருங்க"ன்னு காட்டுங்க. தன் கண்ணால பாத்து சரின்னு சொன்ன லிஸ்ட்ட அடுத்த தடவ அவரே மாத்தறது கஷ்டம்.

எதையாவது குடுத்தா ரசீதோ அக்னாலெட்ஜ்மென்ட்டோ இல்லாம நகராதீங்க. உங்க காப்பியில தேதியோட ஒரு சீல் போட்டு குடுத்தா கூட போதும்.

கோபம் தலைக்கு ஏறறப்ப

எவ்ளோ தயாரா போனாலும் ஒரு கட்டத்துல ஏறும். நமக்கு பின்னாடி வந்தவர் தெரிஞ்சவங்க மூலமா நேரா உள்ள போறத பாக்கறப்ப எனக்கு கை நடுங்கும், இப்பவும்தான். அந்த நேரத்துல உடனே ஒண்ணும் பேசாதீங்க. மூச்ச மெதுவா இழுத்து, இழுத்தத விட நிதானமா நீளமா விடுங்க, அஞ்சாறு தடவ. மூச்ச வெளிய விடறப்ப இதயத் துடிப்பு கொஞ்சம் குறையும், அது உடம்போட இயல்பு, அதனால நீளமா விடறப்ப நெஞ்சு கொஞ்சம் தணியும். முடிஞ்சா எழுந்து வெளிய போய் முகம் கழுவிட்டு வாங்க, பக்கத்துல இருக்கறவர்கிட்ட இடத்த பாத்துக்க சொல்லிட்டு.

"மனசுல வச்சுக்காம கொட்டிட்டா சரியாயிடும்"னு சொல்லுவாங்க இல்லையா, அது அவ்ளோ உண்மை இல்ல. 2002ல பிராட் புஷ்மன்ங்கற உளவியல் ஆய்வாளர் 600 கல்லூரி மாணவர்கள வச்சு ஒரு சோதனை செஞ்சாரு. அவங்கள கோபப்படுத்திட்டு, சிலர அந்த கோபப்படுத்தின ஆள நினைச்சுக்கிட்டே குத்துப் பைய குத்த சொன்னாரு, சிலர உடற்பயிற்சின்னு நினைச்சு குத்த சொன்னாரு, சிலர ஒண்ணுமே செய்யாம சும்மா உக்கார வச்சாரு. அந்த ஆள நினைச்சுக்கிட்டே குத்தினவங்களுக்குதான் கடைசியில கோபம் அதிகமா இருந்துச்சு. சும்மா உக்காந்திருந்தவங்க அவங்கள விட அமைதியா இருந்தாங்க. வரிசையில நிக்கறப்ப நாம செய்யறதும் குத்துப் பைய குத்தறதுதான், பக்கத்துல இருக்கறவர்கிட்ட "இவங்கள எல்லாம் என்ன பண்றது, மாசம் பொறந்தா சம்பளம்"னு ஆரம்பிச்சா அவர் இன்னொண்ணு சொல்வாரு, மூணாவது ஆள் சேருவாரு, பத்து நிமிஷத்துல அந்த மூலை முழுக்க கொதிக்கும், நம்ம முறை வர்றப்ப நாம கொதிச்சுப் போய் நிப்போம், அந்த ஊழியர் காதுல அதெல்லாம் விழுந்துருக்கும்.

அதே பேச்ச வேற பக்கம் திருப்பலாம். பக்கத்துல இருக்கறவர்கிட்ட "நீங்க எத்தனாவது தடவ வர்றீங்க, என்னென்ன கேட்டாங்க"ன்னு கேளுங்க. வரிசையில நிக்கறவங்ககிட்ட இருக்கற அளவுக்கு நடைமுறை தகவல் எந்த நோட்டீஸ் போர்டுலயும் இருக்காது. எந்த நாள் கூட்டம் கம்மி, எந்த பேப்பர்ல கையெழுத்து விட்டுப் போச்சுன்னா திருப்பி அனுப்பறாங்க, எல்லாம் அங்கதான் கிடைக்கும். எனக்கு என் ஃபைல் கடைசியா போய் சேர்ந்த அறை எங்க இருக்குன்னு சொன்னதே வரிசையில எனக்கு முன்னாடி நின்ன ஒரு பெரியவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுல இருக்கறவங்ககிட்ட ஒரு தடவ சொல்லுங்க, தப்பே இல்ல, யார்கிட்டயும் சொல்லாம இருக்க நாம கல்லு இல்ல. ஆனா ஒரு தடவ. ராத்திரி சாப்பிடறப்ப ஒரு தடவ, தூங்க போறப்ப ஒரு தடவ, மறுநாள் போன்ல நாலு பேர்கிட்டன்னு போனா அந்த ரெண்டு மணி நேரம் ரெண்டு நாளா நீளுது, நாமளே நீட்டறோம். சொல்லி முடிச்சதும் நோட்ட எடுத்து அடுத்த நடைக்கு என்ன வேணும்னு எழுதிட்டு மூடி வச்சிருங்க.

புலம்பறது வேற, முறையிடறது வேற

பொறுமையா இருங்கன்னு சொன்னா வாய மூடிட்டு இருங்கன்னு சிலர் எடுத்துக்கறாங்க, நான் அத சொல்லவே இல்ல. புலம்பல் வரிசையில நிக்கறவர்கிட்ட போகுது, முறையீடு அத சரி பண்ணக் கூடிய ஆள்கிட்ட எழுத்துல போகுது. 1766லயே ஸ்வீடன்ல அரசாங்க ஆவணங்கள மக்கள் கேட்டு பாக்கலாம்னு சட்டம் வந்துச்சு, 1809ல அதே நாட்டுல அதிகாரிங்க மேல மக்கள் முறையிட ஒம்புட்ஸ்மன்னு தனி பதவி உண்டாக்குனாங்க. இன்னைக்கு பல நாடுகள்ல தகவல் கேக்கற சட்டமும் இருக்கு, குறை கேக்கற அமைப்பும் இருக்கு. இதெல்லாம் நமக்காக யாரோ போராடி வாங்கி வச்சது, பயன்படுத்தணும்.

எப்ப பயன்படுத்தறது? அவங்களே சொன்ன கெடு தாண்டினதும். அதுக்கு முன்னாடி வேணாம், அதுக்கு அப்புறம் தள்ளிப் போடவும் வேணாம். கடிதத்துல கோபத்த எழுதாதீங்க, தேதிய எழுதுங்க. "இந்த தேதியில விண்ணப்பம் குடுத்தேன், இதோ ரசீது எண், இத்தன நாள்ல முடியும்னு சொல்லப்பட்டது, இந்தந்த தேதிகள்ல நேர்ல வந்தேன், இன்னும் முடியவில்லை, தாமதத்துக்கான காரணத்தையும் முடியும் தேதியையும் எழுத்துபூர்வமா தெரிவிக்கவும்." ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது. "பொறுப்பில்லாத ஊழியர்கள்"னு ஒரு வார்த்தை சேர்த்தா படிக்கறவர் அந்த வார்த்தைக்குதான் பதில் சொல்வாரு, வேலைக்கு இல்ல. எழுதி முடிச்சு ஒரு ராத்திரி வச்சிருந்து காலையில படிச்சுட்டு அனுப்புங்க.

ஒரு எச்சரிக்கை, இத தடிச்ச எழுத்துல போடணும் போல இருக்கு. ரிஜெக்ட் ஆகி லெட்டர் வந்துச்சுன்னா பெரும்பாலும் அப்பீல் பண்ண ஒரு கடைசி தேதி இருக்கும். அந்த இடத்துல பொறுமை வேலைக்காகாது. "போய் பேசி பாக்கலாம், நல்லவங்கதான்"னு நாள கடத்தி அந்த தேதி போச்சுன்னா அதுக்கப்புறம் நியாயம் நம்ம பக்கம் இருந்தாலும் கதவு மூடிடும். பேசறதும் பேசுங்க, அப்பீலும் தேதிக்குள்ள போடுங்க.

பொறுமை போறப்பதான் ப்ரோக்கர் கண்ணுக்கு தெரிவாரு. வாசல்லயே நிப்பாரு, நம்ம முகத்த பாத்தே கண்டுபிடிச்சிருவாரு. அவர்கிட்ட போனா நம்ம பேப்பர், கையெழுத்து எல்லாம் யாரோ ஒருத்தர் கையில, நாளைக்கு ஏதாவது தப்புன்னா பேர் நம்மளோடது. வேணாம்.

போர்ட்டலும் ஹெல்ப்லைனும்

ஆன்லைன்ல வந்துட்டா அலைச்சல் இல்லன்னு நினைச்சோம், இப்ப அலைச்சல் சேர்ல உக்காந்துட்டே நடக்குது. எல்லாத்தையும் டைப் பண்ணி முடிச்சு சப்மிட் அடிக்கறப்ப "செஷன் முடிந்தது"ன்னு வரும். அதனால பதில்கள முதல்ல வேற இடத்துல டைப் பண்ணி வச்சுட்டு அங்க ஒட்டுங்க. போட்டோ, பேப்பர் எல்லாம் அவங்க சொன்ன சைஸுக்கு முன்னாடியே குறைச்சு வைங்க. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்க்ரீன்ஷாட், பணம் கட்டினா ரசீத உடனே டவுன்லோட். பணம் போயி ரசீது வரலன்னா பதட்டத்துல திரும்ப கட்டிடாதீங்க, முதல்ல ஸ்டேட்டஸ் பாருங்க.

ஹெல்ப்லைன்ல பேசறவர் பெரும்பாலும் அந்த ஆபீஸ்லயே இருக்க மாட்டாரு, அவர் முன்னாடி இருக்கறது ஒரு ஸ்க்ரீன் மட்டும்தான். அவர திட்டறது பிரயோஜனமே இல்லாதது. கம்ப்ளெய்ன்ட் நம்பர் வாங்குங்க, நோட்டுல எழுதுங்க.

வயசானவங்களுக்காக போறப்ப

பமீலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2018ல இந்த அலைச்சல மூணு செலவா பிரிச்சு சொன்னாங்க. என்ன வேணும்னு கத்துக்கற செலவு, அத எல்லாம் செஞ்சு முடிக்கற செலவு, அப்புறம் அவமானம், மன உளைச்சல், பயம்னு மனசுக்கு ஆகற செலவு. மூணாவது எந்த ரசீதுலயும் வராது. நமக்கே இப்படின்னா எழுத படிக்க சிரமப்படறவங்களுக்கு, காது கேக்காதவங்களுக்கு, உடம்பு முடியாதவங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க, கிடைக்க வேண்டிய உதவிய கூட வேணாம்னு விட்டுட்டு போயிடறாங்க. அப்படி யாராவது உங்களுக்கு தெரிஞ்சா கூட போங்க. நீங்க பேசாட்டி கூட பரவால்ல, பக்கத்துல நின்னு நோட்டுல எழுதினாலே போதும், ரெண்டு காது கேக்கறத விட நாலு காது நல்லது. வீட்டுல அம்மா அப்பாவுக்காக போறீங்கன்னா, திரும்பி வர்றப்ப "உங்களாலதான் இந்த அலைச்சல்"னு மட்டும் சொல்லிடாதீங்க, அந்த பேப்பர்ல தப்பு அவங்க எழுதினது இல்ல.

கடைசியா ஒண்ணு, வேலை முடிஞ்சு அந்த பேப்பர் கையில வர்ற நாள் இருக்கே, அன்னைக்குதான் எல்லாரும் அவசரப்படறாங்க. சந்தோஷத்துல மடிச்சு பையில போட்டுட்டு ஓடி வந்துடுவோம். வேணாம். கவுண்டர் பக்கத்துலயே ஒரு ஓரமா நின்னு ஒவ்வொரு எழுத்தா படிங்க, பேர், அப்பா பேர், தேதி, நம்பர், சீல், கையெழுத்து. என்னோட 9வது நடையில நான் அப்படி நின்னு படிச்சப்ப பேர் சரியா இருந்துச்சு, பிறந்த வருஷத்துல ஒரு நம்பர் மாறி இருந்துச்சு. அதே மேடம்தான் அன்னைக்கு கவுண்டர்ல. "மேடம், இத மட்டும் ஒரு தடவ பாருங்களேன்"னு காட்டினேன். வாங்கி பாத்தாங்க, எழுந்து உள்ள போனாங்க, இருபது நிமிஷத்துல புதுசா அடிச்சு சீல் போட்டு கொண்டு வந்து குடுத்தாங்க. அன்னைக்கு கத்தினதுக்கு மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல, தினமும் நடக்கறதுதான்"னு சொல்லிட்டு அடுத்த டோக்கன கூப்பிட்டாங்க.